ஓட்வாரின் மூச்சில் சோள வாசம்

ராக்னா மூக்கால் வாழ்கிறவள். எங்கள் தீவில் மற்றவர்கள் காலையில் எழுந்ததும் கடலைப் பார்ப்பார்கள். அவள் கண்ணைத் திறக்காமல் ஜன்னலை மட்டும் திறப்பாள். காற்றில் பாசி வாசம் இருந்தால் தென்மேற்கு, மழை வரும். பனியின் சில்லென்ற வாசம் மட்டும் இருந்தால் வடக்கு, வானம் தெளிந்திருக்கும். காய்ச்சிய மீனின் இளஞ்சூடான வாசம் வந்தால் காற்று துறைமுகத்திலிருந்து அடிக்கிறது, ஆலையில் முதல் கொப்பரையைத் திறந்துவிட்டார்கள், வேலைக்குக் கிளம்ப வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பாள். பாதிக் கனவோடு எழுந்து அந்த மீதிக் கனவோடு ஆலைக்கு வந்து சேர்கிறவள் என்று அவளைக் கேலி செய்வோம்.

எங்களுடையது மீன் எண்ணெய் ஆலை. நான் இந்த வடக்குத் தீவுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அதில் பதினெட்டு வருஷம் ராக்னாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆலையின் மாடியில் ஒரு வெள்ளை அறை. அதில் ஒரு நீள மேசை, ஆறு பேர். பத்து மணி வரை காப்பி குடிக்கக் கூடாது, சோப்புகூட வாசமில்லாததாக இருக்க வேண்டும். எங்கள் முன்னால் மூடி போட்ட நீலக் கண்ணாடிக் கிண்ணங்கள் வரும். எண்ணெயின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் நீலம். மூடியைத் தூக்கி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு, ஆப்பிள் துண்டைக் கடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். பிறகு தாளில் எண் போட வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் யோசித்து யோசித்து எண் போடுவோம். ராக்னா மூடியைத் தூக்கியவுடனே சொல்லிவிடுவாள்.

"வெட்டின வெள்ளரிக்கா. நல்ல எண்ணெய்."

"இது ஈர அட்டைப்பெட்டி. ரெண்டு வாரத்துல கெட்டுப் போகும்."

கீழே ஆய்வகத்து இயந்திரம் அதையே சொல்ல இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

அவள் பருமனானவள். இந்தக் கதை தொடங்கியபோது நூற்றுப் பதினெட்டு கிலோ. அதை அவள் மறைத்ததும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிந்து நடந்ததும் இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் வர்றப்போ ரெண்டு பேர் வர்றோம், தள்ளி உக்காருங்க" என்பாள். ஆனால் மாடிப்படி ஏறி வந்தால் நீலக் கிண்ணத்தைத் தொடும் முன் ஐந்து நிமிஷம் மூச்சு அடங்கக் காத்திருப்பாள். அந்த ஐந்து நிமிஷமும் ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் எங்கள் தாள்களில் தேதி எழுதுவோம்.

அவள் கணவன் ஓட்வார் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் தீவின் ஒரே சாலையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பான். கோடையில் அதே சாலையின் குழிகளை அடைப்பான். வண்டிக்குள் சூடு, ரேடியோ, பக்கத்து இருக்கையில் ஏலக்காய் பன் நிறைந்த ஒரு பை. அவன் நூற்று இருபத்து நான்கு கிலோ. அவனுடைய அப்பா அறுபத்தொரு வயதில் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். ஓட்வாருக்கு அடுத்த ஜனவரியில் அறுபது ஆகப் போகிறது. அதைப் பற்றி அவன் பேச மாட்டான். ஆனால் பிறந்தநாள் நெருங்க நெருங்க வண்டியில் ரேடியோவின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது என்று ராக்னா என்னிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் மாதம் அக்கரைக்குப் போகும் படகில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அக்கரை நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. உடல் பருமனானவர்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தால் ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு, சுகர், ஈரலில் படிந்த கொழுப்பு எல்லாம் குறைகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், பாதிப் பேருக்கு வேறு ஏதோ எண்ணெய். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஆறு மாதம்.

ராக்னா அன்றைக்கே தொலைபேசியில் பேசிப் பெயர் கொடுத்தாள். இத்தனை வருஷம் எண்ணெயை முகர்ந்து துப்பினேனே, அது உள்ளே போனால் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றாள். ஓட்வார் கூடப் போனது கார் ஓட்டத்தான். படகில் நல்ல வாஃபிள் கிடைக்கும் என்பது இன்னொரு காரணம்.

அக்டோபரில் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சில்யே என்ற நர்ஸ் கேள்விகள் கேட்டாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மீன் எண்ணெய் ஆலையில. ருசி பாக்குற மேசை."

சில்யே பேனாவைக் கீழே வைத்தாள். "தினமும் எண்ணெய் வாயில படுமா?"

"துப்பிடுவேன்."

"எல்லாத்தையுமா?"

ராக்னாவுக்குப் பொய் வராது. "நல்லா இருந்தா கொஞ்சம் உள்ள போயிடும்."

"அப்போ உங்கள சேத்துக்க முடியாதும்மா. உங்க ரத்தத்துல ஏற்கெனவே எண்ணெய் இருக்கும்." சில்யே நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு அவள் கண் மெதுவாக, மூலையில் உட்கார்ந்து மேல்சட்டையிலிருந்து வாஃபிள் துகளைத் தட்டிக்கொண்டிருந்த ஓட்வாரிடம் போனது. "நீங்க?"

"நான் காரு ஓட்டிட்டு வந்தேன்."

"மீன் எண்ணெய் குடிக்கிற பழக்கம் உண்டா?"

"முப்பது வருஷமா இவ பக்கத்துல படுக்குறேன். அந்த வாடை போதாதா, குடிக்க வேற செய்யணுமா?"

"மீன்?"

"வாரத்துல ஒரு நாள். அதுவும் இவ சமைச்சா."

திரும்பி வரும் படகில் மூன்று பழுப்பு நிறப் புட்டிகள் இருந்த காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்வார் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தானாம். பரீட்சை எழுத வந்தவளை விட்டுவிட்டு, கூட வந்தவனைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

"உன் இடத்த நான் எடுத்துட்டேனா?"

"ஆமா. ஒழுங்கா முழுங்கு. ஒரு நாளைக்கு ஆறு."

மூன்றாம் நாள் காலை அவள் ஆலைக்கு வந்ததும் என்னைப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தினாள். வழக்கத்தைவிடக் கனவில் இருந்தாள். கண்கள் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

"உங்க ஊர்ல கடற்கரையில சோளம் சுடுவாங்கன்னு சொல்லியிருக்கேல்ல?"

"ஆமா."

"எனக்கு இருபது வயசுல ஹங்கேரிக்கு பஸ்ஸுல போனோம். ஒரு நாள் பூரா ரெண்டு பக்கமும் சோளக் காடு. ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தேன். வெயில்ல காஞ்ச தோகை, உள்ள பால் மாதிரி ஒரு இனிப்பு. அதுக்கப்புறம் அந்த வாசத்த நான் மறந்தே போயிட்டேன்." ஒரு படி ஏறி நின்றாள். "இன்னிக்குக் காலையில ஓட்வார் மேசையில உக்காந்து ஒரு ஏப்பம் விட்டான். நான் அந்த பஸ்ஸுக்குள்ள இருந்தேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மாத்திரையின் மேல் எலுமிச்சை வாசம் தடவியிருந்தார்கள், யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று. அந்த எலுமிச்சைக்கு அடியில் மீன் இல்லை.

"சோள எண்ணெயா?"

"சோள எண்ணெய்தான்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீயும் சொல்லாதே."

அவள் மாடிக்குப் போய் மூச்சு அடங்கக் காத்திருந்தாள். அன்று ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. அதற்குள் அவள் சோளக் காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

சொல்லாமல் இருப்பது முதலில் சுலபமாகத்தான் இருந்தது. மாத்திரைதானே, விழுங்கிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். ஆனால் நவம்பரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் வராமலே நின்றுவிட்டபோது, ஓட்வார் நடக்க ஆரம்பித்தான்.

அந்த மாதங்களில் எங்களுக்குப் பகல் என்பது மதியத்தில் இரண்டு மணி நேர நீலம்தான். பனியும் கடலும் வானமும் ஒரே நீலமாகி, வீடுகளின் மஞ்சள் விளக்குகள் தண்ணீருக்கடியில் எரிகிற மாதிரி தெரியும். அந்த நீலத்தில் ஓட்வார் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கலங்கரை விளக்கம் வரை போகும் கரைப் பாதையில் இறங்கினான். முதல் நாள் படகுக் கொட்டகை வரை போனான். அடுத்த வாரம் மீன் காயவைக்கும் மரச் சட்டங்கள் வரை. டிசம்பரில் ஒரு நாள் கலங்கரை விளக்கத்தின் கதவைக் கையால் தொட்டுவிட்டு வந்தான். போகவர ஆறு கிலோமீட்டர்.

"முட்டி வலிக்கலடி" என்றான் ராக்னாவிடம். "எண்ணெய் போட்ட கீல் மாதிரி இருக்கு."

"அப்படியா?"

"பன் மேல ஆசையே போயிடுச்சு. ஒண்ணோட நிறுத்திக்கிறேன். ரத்தத்துல ஏதோ நடக்குது, எனக்கே தெரியுது."

இதை வீட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமைகளில் துறைமுகக் காப்பிக் கடையில் எல்லாரும் கூடுவோம். அதுவரை வானிலை தவிர வேறு எதைப் பற்றியும் பத்து வார்த்தை பேசியிராத ஓட்வார், அங்கே மேசையில் முழங்கையை ஊன்றி மீன் எண்ணெயின் மகிமையைப் பேச ஆரம்பித்தான். படகில் வேலை பார்க்கும் ஹ்யால்மார் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்பான். மளிகைக் கடைக்காரி தூருன் தன் கடையில் வைத்திருந்த மீன் எண்ணெய் மாத்திரை டிசம்பர் பாதியிலேயே தீர்ந்துபோய், மேலும் இரண்டு பெட்டி வரவழைத்தாள். கிறிஸ்துமஸ் பரிசாக மாத்திரைப் புட்டி கொடுத்தவர்கள்கூட உண்டு.

"உனக்கு அது எண்ணெய்தான்னு எப்படித் தெரியும்? வேற ஏதாவதா இருந்தா?" என்று ஹ்யால்மார் ஒரு நாள் கேட்டான்.

"உடம்பு பொய் சொல்லாது" என்றான் ஓட்வார்.

பக்கத்தில் ராக்னா வாஃபிள் மேல் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜாமைப் பார்த்தாள்.

ஜனவரியில் ஓட்வாருக்கு அறுபது ஆனது. அன்று நடந்ததை அவள் பல நாள் கழித்து எனக்குச் சொன்னாள். மதியம் மூன்று மணி, அவன் நடந்துவிட்டு இன்னும் வரவில்லை. அடுப்பில் காட் மீன் சூப், பால் சேர்த்து, கேரட் மிதக்க. அலமாரியில் ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னப் புட்டி இருந்தது. அந்தக் குளிர்காலத்தின் முதல் எண்ணெய், அவளே முகர்ந்து எண் போட்டது. அவனுடைய அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. பாவி மனுஷன் வெறும் சோளத்தை விழுங்கிக்கொண்டு நெஞ்சுக்குக் காவல் இருக்கிறது என்று நினைத்து நடக்கிறானே என்று தோன்றியிருக்கிறது. ஒரு கரண்டி ஊற்றினால் யாருக்குத் தெரியும்? தினமும் ஒரு கரண்டி. சூப்பில் கலந்தால் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

அவன் கிண்ணத்தில் சூப்பை எடுத்து வைத்து, கரண்டியில் எண்ணெயையும் ஊற்றிவிட்டாள். தேன் நிறத்தில் கரண்டி நிறைய நின்றது. வெள்ளரி வாசம்.

"அப்புறம் என்னாச்சு?" என்றேன்.

"நம்ம மேசை ஞாபகம் வந்துச்சு. ஒரு கிண்ணத்துல யாராவது ஒரு சொட்டு வேற எண்ணெய விட்டா நான் அவங்கள சும்மா விடுவேனா? அவனும் இப்போ ஒரு கிண்ணம்தானே. மூடி போட்டு, எண் எழுதி வெச்சிருக்காங்க. அவன் நெசமான எண்ணா இருக்கணும். நான் கலந்தேன்னா அவன் எண் பொய்யாயிடும். அத நம்பி யாருக்கோ மருந்து எழுதுவாங்க."

"அதனால?"

"அந்தக் கரண்டிய நானே குடிச்சிட்டேன்."

பிறகு அவன் உள்ளே வந்தான். கன்னம் சிவந்து, புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். அறுபது ஆனதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு வண்டியில் ரேடியோவே போடவில்லை என்று தற்செயலாகச் சொன்னான். அதைக் கேட்டதும் தனக்குப் பயம் வந்தது என்றாள் ராக்னா. இவ்வளவு நம்பிக்கையையும் எதன் மேல் கட்டியிருக்கிறான் என்பது இந்த உலகத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏப்ரலில் கடைசிப் பரிசோதனை. இருவரும் போனார்கள். எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. இடுப்பு எட்டு சென்டிமீட்டர். டிரைகிளிசரைடு என்று அவர்கள் சொல்லும் ரத்தக் கொழுப்பும் சுகரும் கொஞ்சம் இறங்கியிருந்தன. சில்யே கடைசிக் கேள்வியைப் படித்தாள்.

"நீங்க எதச் சாப்பிட்டதா நெனைக்கிறீங்க? மீன் எண்ணெயா, மத்ததா?"

"மீன் எண்ணெய். இதுல சந்தேகமே இல்ல."

சில்யே எழுதிக்கொண்டாள். பிறகு சிரித்தபடி ராக்னாவைப் பார்த்தாள். "உங்க மூக்கக் கேட்டா தெரிஞ்சிடுமோ?"

ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ராக்னா அந்தச் சொட்டுகளை எண்ணுகிறவள் போல இருந்தாள்.

"என்னக் கேக்காதீங்க" என்றாள். "நான் இந்த ஆராய்ச்சியில இல்ல."

மாத்திரைகள் நின்றன. கோடை வந்தது, சூரியன் இறங்காமல் மலைகளைச் சுற்றி வந்தது, ஓட்வார் தார் வாளியோடு சாலைக் குழிகளை அடைத்தான். கடையில் வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரையை இப்போது அவனும் விழுங்கினான். "இது அந்த அளவுக்கு இல்ல. ஆஸ்பத்திரியில குடுத்ததுதான் அசல்" என்று தூருனிடம் குறைபட்டுக்கொண்டான். நடையை விடவில்லை. ராக்னா மட்டும் எங்கும் நடக்கவில்லை. சேர்த்து வைத்த ரகசியத்தோடு, மூச்சு அடங்கக் காத்திருந்தாள்.

கடிதம் அடுத்த பிப்ரவரியில்தான் வந்தது. சூரியன் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஓட்வார் சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தான். மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களின் டிரைகிளிசரைடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்கிறது. எடையிலும் இடுப்பிலும் சுகரிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பங்கெடுத்ததற்கு நன்றி. கீழே ஒரு வரி: உங்களுக்குத் தரப்பட்டது சோள எண்ணெய்.

கடைசி வரியை அவன் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்து வைத்தான். பிறகு மறுபடி விரித்தான்.

"சோளம்" என்றான்.

"ம்."

அவள் 'ம்' சொன்ன விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்றே.

"உனக்குத் தெரியும்."

"மூணாவது நாளே."

"காப்பிக் கடையில நான் பேசுனப்போ எல்லாம்?"

"தெரியும்."

"பக்கத்துல உக்காந்து வாஃபிள் தின்னுட்டிருந்தே."

"ஆமா."

"எங்கிட்ட நீ மறைச்சது இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா பெருசு இதுதான்."

அவன் சிரிப்பான் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "நீ நெனச்சிருந்தா என்னைய இப்படிக் கோமாளியா விட்டிருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனான். அந்த வாரம் பனி விடாமல் கொட்டியது. அவனுக்கு வீட்டுக்கு வராமல் இருக்க நல்ல சாக்கு. வந்தாலும் பேசவில்லை. கரைப் பாதையில் இறங்கவே இல்லை. பன் பை மறுபடி பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டது என்று ஹ்யால்மார் சொன்னான்.

ஐந்தாம் நாள் ஆலைக்கு விடுமுறை. மதியம் ராக்னா பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு தனியாகக் கரைப் பாதையில் இறங்கினாள். ஏன் என்று பிறகு கேட்டேன். "அவன் ரெண்டு பேருக்கும் சேத்து நடந்துட்டிருந்தான். இப்போ யாருமே நடக்கலையேன்னு இருந்துச்சு" என்றாள்.

முழங்கால் வரை பனி. நூறு தப்படிக்கு ஒரு முறை நின்று நின்று படகுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. காற்று இல்லை. வானத்தின் விளிம்பு இளஞ்சிவப்பாக இருந்தது, மலை உச்சிகளில் மட்டும் வெயில். மூச்சை இழுத்துப் பார்த்தாள். எந்த வாசமும் இல்லை. பாசி இல்லை, மீன் இல்லை, சோளம் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படியொரு இடத்தில் தான் இருந்ததே இல்லை என்று சொன்னாள். தான் எங்கே இருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. உடம்பே இல்லாதது போல இருந்ததாம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை.

பிறகு டீசல் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆரஞ்சு விளக்கு சுழல, பனி தள்ளும் வண்டி கரைப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தது. வண்டிகள் வரக்கூடிய பாதையே இல்லை அது. ஒரு பக்கச் சக்கரம் கடலோரப் பாறைகளில் உரச, ஓட்வார் அவள் பக்கத்தில் வந்து நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"ஏறு."

"நடக்கத்தான் வந்தேன்."

"இந்தப் பனியிலயா? செத்துப் போயிடுவே."

"நீ நடந்தியே."

"நான் எண்ணெய் சாப்பிட்டு நடந்தேன்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கியதில் அவன் உதடு லேசாக இழுத்துக்கொண்டது. கதவைச் சாத்தும் முன், "சரி நட. நான் முன்னாடி தள்ளிட்டுப் போறேன்" என்றான்.

வண்டி நடை வேகத்தில் முன்னால் போனது. பனி இரண்டு பக்கமும் மெல்லிய அலையாக எழுந்து விழுந்தது. அதற்குப் பின்னால், சுத்தமாகத் தள்ளிய பாதையில் ராக்னா நடந்தாள். அவள் நின்றால் வண்டியும் நின்றது. கண்ணாடியில் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் மூச்சு அடங்கி ஓர் அடி வைத்தால் வண்டியும் மெதுவாக நகர்ந்தது. குடாவின் எதிர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து அதைப் பார்த்த நாங்கள் சிலர் எதுவும் புரியாமல் ஜன்னலோரம் நின்றோம். அந்த வெளிச்சத்தில், ஒரு ஆரஞ்சு விளக்கும் அதன் பின்னால் ஒரு சின்னக் கறுப்பு உருவமும் கடலின் மேல் மிதந்து போகிற மாதிரி இருந்தது. மீன் காயவைக்கும் சட்டங்கள் வரை போனார்கள். அங்கே அவள் கையை உயர்த்தினாள். அவன் இறங்கி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

"ஏன் சொல்லல?" என்று வண்டிக்குள் கேட்டானாம்.

"சொன்னா நீ நின்னுடுவேன்னு பயந்தேன். அப்புறம் நீ ஆராய்ச்சிக்கும் உதவாம போயிடுவே. எது முதல்ல தோணுச்சுன்னு கேக்காதே, எனக்கே தெரியல."

அவன் பையைத் திறந்தான். ஒரு பன்னை இரண்டாகப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தான்.

சனிக்கிழமை காப்பிக் கடைக்கு இருவரும் வந்தார்கள். ஓட்வார் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றான்.

"கடுதாசி வந்துடுச்சு. எனக்குக் குடுத்தது மீன் எண்ணெய் இல்ல. சோள எண்ணெய். போன வருஷம் பூரா நான் உங்ககிட்ட அளந்ததெல்லாம் சோள எண்ணெய தின்னுட்டுதான்."

 தூருன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹ்யால்மார்தான் முதலில் பேசினான்.

"நான் நாலு புட்டி வாங்கி முழுங்குனேன்டா. வாயெல்லாம் மீன் நாறி, என் பொண்டாட்டி பக்கத்துலயே வரல."

"மன்னிச்சுக்கோ."

"இப்போ என்ன, நாங்க சோளத்துக்கு மாறணுமா?"

"உங்க ரத்தத்துக்கு மீன் எண்ணெய் நல்லதுதான், கொழுப்பு கொறையும்னு கடுதாசியில எழுதியிருக்கு. வயிறு கொறையாது. வயித்துக்கு நடக்கணும்போல."

"உடம்பு பொய் சொல்லாதுன்னு சொன்னியே."

"உடம்பு சொல்லல. நான்தான் சொன்னேன்." தொப்பியைத் திருகினான். "உடம்பு சும்மா நடந்துச்சு."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாருமே சிரித்தார்கள். தூருன் அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை தீவில் அவனுக்குப் பட்டப்பெயர் சோளம். பனி வண்டி தாமதமாக வந்தால், "சோளம் இன்னும் முளைக்கல" என்பார்கள். அவன் கோபப்படுவதில்லை.

ராக்னா அந்த வசந்தத்தில் தன் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தாள். டிரைகிளிசரைடு மிக அதிகம். இத்தனை வருஷம் முகர்ந்து முகர்ந்து, நல்லதாக இருந்தால் கொஞ்சம் விழுங்கியது எந்த மூலைக்கும் போதவில்லை. டாக்டர் அவளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் வீரியமான மீன் எண்ணெய் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இதனால் எடை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். முதல் மாத்திரையை அவள் எங்கள் மேசைக்கே எடுத்துவந்து பல்லால் கடித்தாள். கண்ணை மூடினாள்.

"நெத்திலி. தெற்குக் கடல். ஆறு மாசம் ஆயிருக்கும். நல்லா சுத்தம் பண்ணியிருக்காங்க, ஆனா ஆன்மா இல்ல." பிறகு விழுங்கிவிட்டாள்.

இலையுதிர்காலத்துக்குள் கொழுப்பு இறங்கியது. டாக்டர் சந்தோஷப்பட்டார். வாரத்தில் நான்கு நாள் அவளும் ஓட்வாரும் கரைப் பாதைக்குப் போகிறார்கள். அவள் சட்டங்கள் வரை. அவன் கலங்கரை விளக்கம் வரை போய் வருவான். அவன் வரும்வரை அவள் அங்கே உட்கார்ந்து கடலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். காற்று அன்றைக்கு எதைக் கொண்டுவந்ததோ அது அவளுக்கு. மாடிப்படி ஏறினால் இப்போதும் நிற்கிறாள், ஆனால் இரண்டு நிமிஷம்தான்.

போன வாரம் அவளிடம் எடை எவ்வளவு என்று கேட்டேன்.

"நூத்துப் பதினேழு" என்றாள், நீலக் கிண்ணத்தின் மூடியைத் தூக்கியபடியே. "அந்த ஒரு கிலோ எங்க போச்சுன்னு நானும் ஓட்வாரும் தேடிட்டிருக்கோம்."